மணிலாக்கொட்டையும் குடியாத்தத்துக் கைலியும்

குடியாத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றும் மல்லாக்கொட்டை என்றும் பெயர். சற்று ஏட்டுப் பழக்கமுள்ள முதியவர்கள் அதனையே மணிலாக்கொட்டை என்று திருத்தமாகச் சொல்லுவார்கள். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அந்தப் பயிர், 1565 முதல் 1815 வரை மெக்சிகோ தேசத்து அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து போய்வந்துகொண்டிருந்த ஸ்பானியக் கப்பல்களின் வழியாகக் கீழ்த்திசைக்கு வந்து, அங்கிருந்து நம் கரையை அடைந்திருக்க வேண்டும் என்று கருதுவதற்கு, வடஆற்காட்டு உழவர் வாயில் இன்றும் வழங்கும் அந்தப் பெயரே ஒரு சாட்சியாக நிற்கிறது. பிலிப்பீன்ஸ் மக்களோ மாம்பழத்தை மங்கா என்கிறார்கள். நம் மாங்காய் மலாய் மொழியின் வழியாக அங்கே போய்த் தங்கிவிட்ட சொல் அது. ஒரு கொட்டைக்கு அவர்கள் ஊரின் பெயரை நாமும், ஒரு கனிக்கு நம் சொல்லை அவர்களும் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒருவரையொருவர் அறியாமல் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

இப்பொழுது அந்த அறிமுகத்தைப் புதுப்பிக்கும் சந்தர்ப்பம் கைப்பேசியின் உருவத்தில் வந்திருக்கிறது. பிலிப்பீன்ஸ் 7,641 தீவுகள் கொண்ட தேசம். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே ஏறத்தாழ 10 கோடியே 90 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரிய கடைக்குப் போவதற்கே படகேற வேண்டிய ஜனங்கள் பலர் வாழும் அத்தகைய நாட்டில், கையிலுள்ள பேசியே கடைவீதியாக மாறியதில் வியப்பில்லை. 2021-இல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பொன்று, சமூக வலைத்தளங்களில் நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு அம்மக்கள் உலகிலேயே முதலிடத்தில் இருப்பதாகக் காட்டியது. அவர்களுக்குக் குடியாத்தத்துத் தறிகளில் நெய்த கைலியையும், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் செய்யும் தோற்பொருள்களையும் விற்க விரும்பும் ஒருவர், தம் வியாபார முறையில் எதை எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே ஆராயப் புகுந்த விஷயம்.

விளம்பரத்தைத் தகலோக் மொழியில் பெயர்த்துப் போட்டால் காரியம் முடிந்தது என்று கருதுவோர் ஒரு சாரார். சரக்கு நயமாக இருந்தால் விளம்பரமே வேண்டியதில்லை என்று கருதுவோர் மற்றொரு சாரார். இரண்டு அபிப்பிராயங்களும் நம் நெசவுத் தொழிலின் சரித்திரத்தை மறந்து சொல்லப்படுபவை. வாங்குவோரின் மனத்துக்கு ஏற்ப மாறுவது என்பது பேச்சில் தொடங்கி, பணம் கொடுக்கும் முறையிலும் விற்கும் காலத்திலும் நுழைந்து, கடைசியில் தறி வரைக்கும் செல்லும் வேலை என்பதும், அந்த வேலையினால் பிறக்கும் அறிவு யாரிடம் தங்குகிறதோ அவரிடமே லாபமும் தங்குகிறது என்பதும் என் துணிபு.

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரைத் துணி, மணிலாவுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியக் கப்பலேறி அகபுல்கோவை எட்டியது. ஆங்கிலேயர் மணிலாவில் வெளிப்படையாக வியாபாரம் செய்வதை ஸ்பானியர் அனுமதிக்காத காரணத்தால், சென்னை வர்த்தகர்கள் தம் சரக்கை ஆர்மீனியர் பெயராலும் பிறர் பெயராலும் அனுப்பினார்கள். அந்த மணிலா வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஆர்மீனியர்களுள் ஒருவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டைக்கு அருகில் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தவரும், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. சைதாப்பேட்டை நெசவாளர் குடியிருப்பு. அவர்கள் நெய்த துணியால் வந்த செல்வத்தின் ஒரு பகுதி பாலமாகி அவர்கள் வாசலிலேயே நின்றது என்று எண்ணும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் படை அனுப்பியதும் சென்னையிலிருந்துதான். 1764-இல் அவர்கள் திரும்பியபோது, உடன் சென்ற சிப்பாய்களில் சிலர் மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கயிந்தா என்னும் ஊரில் தங்கி மணம்புரிந்து அங்கேயே கலந்துவிட்டார்கள்.

இவ்வளவு போக்குவரவு இருந்தும், நெய்தவர் வாங்கியவரை அறிந்தாரா என்று கேட்டால் அறியவில்லை என்றே சொல்ல வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட துணி, மலாய் நாட்டில் அவ்வூரின் பெயரையே தாங்கி ‘காயின் பெலிகாட்’ என்று இன்றும் வழங்குகிறது. அதை உடுத்துவோருக்குப் பழவேற்காடு ஓர் ஊர் என்பது தெரியாது. நெய்தவருக்கும் தம் துணி எந்த மசூதிக்கு எந்த வெள்ளிக்கிழமையில் உடுத்தப்பட்டது என்று தெரியாது. சிராலாவிலும் சைதாப்பேட்டையிலும் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய துணியின் கதை இன்னும் விசித்திரமானது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அத்துணியை வாங்கி, அதில் சில நூல்களை மட்டும் கத்தியால் மிக நுட்பமாக அறுத்து உருவியெடுத்து, புதிய சித்திரம் தோன்றச் செய்து, அதைத் தங்கள் குலத்துக்கே உரிய மரியாதைத் துணியாக ஆக்கிக்கொண்டார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் அதுவே அவர்களுக்கு வேண்டும். இங்கே குழித்தறியில் உட்கார்ந்து கட்டம் தவறாமல் ஊடையைச் செலுத்தியவர், தாம் போட்ட நூலை அங்கே ஒரு பெண்மணி வேண்டுமென்றே நீக்குகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தால், எந்தக் கட்டத்தை எப்படி அமைத்தால் அவளுக்கு அனுகூலம் என்று யோசித்திருக்கமாட்டாரா?

அறிவு இடைவழியில் நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்கு 1958-இல் நடந்த ஒரு விவகாரத்தைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் இல்லை. அதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன். பம்பாயில் ஏற்றுமதி செய்துவந்தவரும் பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவியவருமான காப்டன் கிருஷ்ணன் நாயரிடம், வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதிக்காரர் கஜம் ஒரு டாலர் விலையில் மெட்ராஸ் துணி வாங்கினார். இது சாயம் போகும் துணி, குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தே கொடுத்தார். அந்த எச்சரிக்கை நியூயார்க் வரைக்கும் போகவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆடைக்கடை அதைச் சட்டைகளாகத் தைத்து விற்க, வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட, சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, புகார்கள் வந்து குவிந்தன. வழக்கு வரைக்கும் போகவேண்டிய அந்த விஷயம், எவரும் எதிர்பாராத வழியில் திரும்பியது. சாயம் போவது குற்றமன்று, குணம். தாவரச் சாயத்தில் தோய்த்த இந்தத் துணி ஒவ்வொரு சலவையிலும் புது வர்ணம் கொள்ளும். சாயம் போகும் என்பதற்கு நாங்களே உத்தரவாதம் தருகிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பர நிபுணர் டேவிட் ஓகில்வியின் மூளையில் உதித்த விளம்பரம் அது என்று சொல்லப்படுகிறது. அமெரிக்க இளைஞர்கள் சாயம் போகும் மெட்ராஸுக்காகக் கடைவாசலில் காத்து நின்றார்கள்.

விளம்பர சாஸ்திரம் படிப்போர் இக்கதையைச் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்ற ஒரே ஒரு வாக்கியம் தறியிலிருந்து சலவைத் தொட்டி வரைக்கும் போய்ச் சேராததால் வந்த சங்கடம் அது. அந்த வாக்கியத்தை மறைக்காமல் உரக்கச் சொன்னவுடன் சங்கடமே செல்வமாயிற்று. இணையத்தில் விற்பவர் தம் துணியின் படத்தின் கீழே எழுதும் நான்கு வரிகளில் முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

பழைய முறையில் வாங்குவோரைப் பற்றிய அறிவு ஏற்றுமதிக்காரரின் மாதிரிப் புத்தகத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எந்தத் தீவில் எந்த நிறம் செல்லும், எந்த மாதத்தில் எத்தனை உருப்படி வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் துண்டுத் துணிகளாகவும் மூலையில் எழுதிய குறிப்புகளாகவும் இருக்கும். மாஸ்டர் வீவருக்குக் கட்டத்தின் அளவு மட்டும் வரும். தறியில் இருப்பவருக்குக் கூலி மட்டும் வரும். இன்றும் ஆம்பூர்ப் பாதரட்சைத் தொழிற்சாலைகளில் நிலைமை பெரிதும் அதுவே. ஐரோப்பிய நிறுவனம் வரைந்து அனுப்பும் மாதிரியைப் பிசகாமல் செய்து, அந்நிறுவனத்தின் முத்திரையையே செருப்பின் உட்புறத்தில் பதித்து அனுப்பும் திறமையில் நம் தொழிலாளிகள், முக்கியமாகத் தையல் பகுதியில் இருக்கும் பெண்கள், யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அந்தச் செருப்பை யார் வாங்கினார், ஏன் வாங்கினார், எங்கே கடித்தது என்று திருப்பிச் சொன்னார் என்பது பாலாற்றங்கரைக்கு வருவதேயில்லை.

இனி, பிலிப்பீன்ஸ் தேசத்து வாங்குவோரைக் கவனிப்போம். அங்கே வியாபாரத்தின் உயிர்நாடியான சொல் ‘சூக்கி’ என்பது. சந்தையில் ஒரே மீன்காரியிடம் பல வருஷம் வாங்குகிறவளும் சூக்கி, அந்த மீன்காரியும் அவளுக்குச் சூக்கி; இருவருக்கும் ஒரே பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ‘வாடிக்கை’ என்ற சொல் இதற்கு மிக நெருங்கியது. ‘நம்ம கடை’ என்று நாம் சொல்லும்போது அதில் தொனிக்கும் சொந்தமும் அதுவே. இணையத்துக்கு வந்த பிறகும் அவர்கள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. பொருளின் படத்தின் கீழே விலை, அளவு, நிறம் எல்லாம் எழுதியிருந்தாலும், மெசஞ்சரில் விற்பவரை அழைத்து, இன்னும் இருக்கிறதா, நம்பலாமா என்று இரண்டு வார்த்தை பேசிய பின்பே பணம் அனுப்புவார்கள். அந்தப் பேச்சில் ‘போ’ என்ற ஓரெழுத்து வாக்கியந்தோறும் வந்து விழும். நாம் ‘சொல்லுங்க’, ‘வாங்க’ என்பதில் சேர்க்கும் ‘ங்க’ போன்ற மரியாதை விகுதி அது. அதை அறியாமல் இலக்கணச் சுத்தமாக எழுதப்பட்ட மறுமொழி, வாசலில் வந்தவரை உட்காரச் சொல்லாமல் விலை சொல்லுவது போன்றது. தகலோக்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவதே அங்கே நகர வழக்கு. விசயாஸ் தீவுகள் பலவற்றில் செபுவானோ வழங்குகிறது. ஆகையால் அகராதியை வைத்து மொழிபெயர்ப்பதைவிட, அவ்வூர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி மறுமொழி எழுதச் சொல்லுவதே மேல்.

இரண்டாவது பழக்கம் ‘திங்கி’ எனப்படும் சில்லறை வாங்கல். தெருமுனைச் சாரி-சாரி கடைகளில் ஒரு பல் பூண்டும், ஒற்றைச் சிகரெட்டும், ஒரு தலைக்குப் போதுமான சீயக்காய்ப் பொட்டலம் போன்ற ஷாம்புப் பொட்டலமும் விற்பனையாகின்றன. நமக்கு இது புதிதன்று. 1983-இல் கடலூரிலிருந்து சி. கே. ரங்கநாதன் தொடங்கிய ஷாம்பு வியாபாரம் வளர்ந்ததே பொட்டலத்தினால்தான். கையில் அன்றன்றைக்குக் காசு வருபவரின் பொருளாதாரம் அது; கஞ்சத்தனம் என்று நினைப்பது பிழை. பன்னிரண்டு கைலி அடங்கிய கட்டைத் தள்ளுபடி விலையில் காட்டுகிறவர், அந்த நாட்டில் கட்டை வாங்கிப் பிரித்து விற்கும் சிறு வியாபாரிக்குத்தான் பேசுகிறார். உடுத்துவோரிடம் பேச வேண்டுமானால் ஒற்றைக் கைலியைக் காட்ட வேண்டும்.

நேரலை விற்பனையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. பேஸ்புக்கில் ஒரு பெண் ஆடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். பார்த்துக்கொண்டிருப்போரில் யார் முதலில் ‘மைன்’ என்று தட்டுகிறாரோ அவருக்கே அந்த ஆடை. நம் ஊரில் சேலை விற்பவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டி, பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுகிறார்களே, அதே வித்தைதான். ஏலத்தின் சூடு மட்டும் அங்கே அதிகம். குடியாத்தத்து வாரச்சந்தையில் குரல் கொடுத்து விற்றுப் பழகியவருக்கு இது எளிதில் கைவரும் என்றே நினைக்கிறேன். தறியின் முன் நின்று, நாடா ஓடும் சத்தம் கேட்கும்படி, பாவில் ஏற்றியிருக்கும் நிறங்களைக் காட்டிப் பேசுவதற்கு ஈடான விளம்பரத்தை எந்த ஸ்தாபனமும் எழுதித் தர முடியாது. கைத்தறிக்கென்று 2006 முதல் முத்திரை உண்டு; 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைலியைக் கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களுள் வைத்திருக்கிறது; ஆயினும் மின்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதைக் கண்ணால் காண்கிறோம். மணிலாவில் இருப்பவருக்கு நம் முத்திரை விளங்காது. தறி விளங்கும்.

விற்கும் காலத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி மாதத்துக்கு இருமுறையேனும் கூலி கொடுக்கப்பட வேண்டும். பெரும்பாலோர் 15-ஆம் தேதியும் மாத இறுதியிலும் பெறுகிறார்கள். ஒன்றாம் தேதியை மனத்தில் வைத்து விலைச்சலுகை அறிவிக்கும் நம் கணக்கு அங்கே பாதிதான் பலிக்கும். 1975-இல் பிறப்பிக்கப்பட்ட 851-ஆம் எண் ஆணைப்படி, டிசம்பர் 24-க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் என்று ஒரு தொகை எல்லாத் தொழிலாளருக்கும் வந்தாக வேண்டும். நம் தீபாவளி போனஸைப் போன்றது அது. கிறிஸ்துமஸ் பாட்டு அவர்கள் கடைகளில் செப்டம்பரிலேயே கேட்கத் தொடங்கிவிடும். 9-ஆம் மாதம் 9-ஆம் தேதி, 11-ஆம் மாதம் 11-ஆம் தேதி என்று லசாடா, ஷாப்பி முதலிய இணையச் சந்தைகள் நடத்தும் பெருவிற்பனைகளும் அந்தப் பருவத்தில் வந்து சேருகின்றன. அப்படியானால் சாயம் தோய்த்துப் பாவு ஓட்டித் தறியில் ஏற்ற வேண்டிய காலம், நம் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வைகாசி ஆனி மாதங்களே.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிகேஷ் என்னும் கைப்பேசிப் பணப்பை அங்கே நம் யுபிஐ போலப் பரவியிருக்கிறது. என்றாலும் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கும் வழக்கத்தையே பலர் விரும்புகிறார்கள். இங்கிருந்து நேரே தபாலில் அனுப்புகிறவருக்கு அந்த வசதி செய்து கொடுப்பது எளிதன்று. அங்கே ஒரு பங்காளியோ சரக்கறையோ வேண்டியிருக்கும். கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. வெளிநாடுகளில் உழைக்கும் பிலிப்பினோக்கள் அனுப்பும் பணம் அந்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதம். ஆகவே பொருளைத் தேர்ந்தெடுப்பவள் அங்கே இலோயிலோ நகரத்தில் இருக்க, பணம் கொடுக்கும் தமக்கை துபாயிலோ ஹாங்காங்கிலோ இருப்பது சகஜம். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வளைகுடாப் பணத்தில் வாழும் குடும்பங்களை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. விளம்பரம் இருவருக்கும் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சட்ட திட்டங்களில் சில அனுகூலமாகவே இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி 10,000 பெசோ மதிப்புக்கு உட்பட்ட சிறு பொட்டலங்களுக்கு அங்கே தீர்வை இல்லை. இங்கே அஞ்சலகங்களில் 2022 இறுதி முதல் ஏற்றுமதிப் பத்திரங்களை முடித்துக்கொடுக்கும் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’க்கள் ஏற்பட்டிருக்கின்றன. மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு வியாபாரிகள் இணையச் சந்தையில் சேர ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்ற விதி 2023 அக்டோபர் முதல் தளர்த்தப்பட்டதால், முதலில் உள்ளூரில் விற்றுப் பழகிக்கொண்டு பின்பு கடல் கடக்கலாம். 2023 டிசம்பரில் பிலிப்பீன்ஸ் அரசு இயற்றிய இணைய வர்த்தகச் சட்டம், வெளிநாட்டிலிருந்து கொண்டே தம் சந்தையை நாடுவோரையும் பொறுப்பாளிகளாக்குகிறது. நேர்மையாக விற்பவருக்கு அது பாதுகாப்பு.

உண்மையான இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. டிக்டாக் அங்கே பெரிய கடைத்தெருவாகவே ஆகிவிட்டது. நம் அரசோ 2020 ஜூன் 29 அன்று அதைத் தடைசெய்துவிட்டது. தடைக்குரிய காரணங்கள் தேச பாதுகாப்பைப் பற்றியவை. அவற்றைப் பற்றி இங்கே விவாதிக்கவில்லை. ஆனால் தம் வாங்குவோர் மாலைப்பொழுதைக் கழிக்கும் மண்டபத்தின் வாசலில்கூடக் குடியாத்தத்து வியாபாரி நிற்க முடியாது என்பது மெய். ஷாப்பி 2021 இறுதியில் இந்தியாவுக்குள் வந்து 2022 மார்ச்சிலேயே திரும்பிப் போய்விட்டது. இவற்றின் உள்ளே நுழைய முடிந்தாலும், யார் எதைத் தேடினார், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார், எந்தத் தெருவுக்கு எத்தனை முறை சென்றது என்ற அறிவு முழுவதையும் சந்தையை நடத்தும் நிறுவனமே வைத்துக்கொண்டு, விற்பவருக்கு ஒரு துளியைக் காட்டுகிறது. அன்று ஏற்றுமதிக்காரரின் கையில் இருந்த மாதிரிப் புத்தகம் இன்று சிங்கப்பூரிலோ வேறெங்கோ கணிப்பொறிக்குள் இருக்கிறது. புத்தகம் பெரிதாயிற்று, தறிக்கும் அதற்கும் உள்ள தூரம் குறையவில்லை. இதற்காக அந்தச் சந்தைகளை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் கூடும் இடத்தில்தான் கடை போட முடியும். ஆனால் அங்கே முதல்முறை வாங்கியவரை மெசஞ்சரில் சூக்கியாக்கிக்கொண்டு, அவர் கேட்டதையும் குறை சொன்னதையும் தன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுகிறவரே நிலைப்பார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை இது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸைத் தொடங்கியவர்கள் விற்பனையின் பொறுப்பைத் தறிக்காரரின் தலையிலிருந்து இறக்கிச் சங்கத்தின் தலையில் வைத்தார்கள். வாங்குவோரைப் பற்றிய நோட்டையும் சங்கமே காக்கலாம் அல்லவா?

எந்தச் சரக்கைக் கொண்டு தொடங்குவது என்பதிலும் யோசனை வேண்டும். பாதரட்சையை இணையத்தில் விற்பது அளவுத் தகராறுக்கு இடம் கொடுப்பது. திருப்பி அனுப்பும் செலவு கடல்கடந்த வியாபாரத்தில் முதலையே தின்றுவிடும். அன்றியும் மணிலாவுக்குப் பக்கத்தில் மரிக்கினா என்ற ஊர் இருக்கிறது; 1887-இல் லவுரெயானோ குவேரா என்பவர் அங்கே தொடங்கிய செருப்புத் தொழிலால் புகழ் பெற்று, பின்னர் மலிவான இறக்குமதியால் நலிவுற்ற ஊர் அது. ஆம்பூரை அறிந்த எவரும் அந்த ஊரோடு போட்டியிடுவதைவிட அதற்குத் தோல் விற்பதையே விரும்புவர். பணப்பை, இடைவார் போன்ற சிறு பொருள்கள் அளவுத் தொல்லை அற்றவை. கைலியோ எவர் இடையிலும் நிற்கும். அதற்குள்ள சங்கடம் நிறம் ஒன்றே. சென்ற ஆண்டு நான் இணையத்தில் தருவித்த கைலி படத்தில் மயில்கழுத்து நிறமாகத் தோன்றிக் கைக்கு வந்தபோது பாசிப்பச்சையாக இருந்தது. விற்றவரை நான் ஏமாற்றுக்காரர் என்று கருதவில்லை, விளக்கொளியில் படமெடுத்திருக்கிறார், அவ்வளவே. காலை வெயிலில் வாசல் திண்ணையில் விரித்துப் படமெடுத்து, ஒரு முறை நனைத்து உலர்த்திய துணியையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், நான் அவருக்கு வாடிக்கைக்காரனாகியிருப்பேன்.

பிலிப்பீன்ஸில் கைலியை யார் உடுத்துவார் என்று கேட்கலாம். மணிலா நகரத்தார் உடுத்தமாட்டார்கள். தெற்கே மிண்டனாவோ தீவில் மரனாவோ, மகிந்தனாவோ மக்கள் உடுத்தும் மாலோங், நம் மூட்டிய கைலியைப் போலவே இரு ஓரமும் இணைத்த குழல் வடிவான துணி. இடையில் கட்டுவார்கள், தோளில் மாட்டுவார்கள், தலையில் போர்த்துவார்கள், குழந்தைக்குத் தூளி ஆக்குவார்கள், இரவில் அதற்குள்ளேயே சுருண்டு படுப்பார்கள். அந்தத் தீவிலுள்ள தாவாவோ நகரத்தில்தான் தமிழ்நாட்டு மாணவர் பலர் மருத்துவம் பயிலுகிறார்கள்; நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் அங்கே இருக்கக்கூடும். விடுமுறைக்கு வரும் ஒரு மாணவி ஒரே ஒரு மாலோங்கை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால், அது ஆயிரம் விளம்பர ஆலோசனைகளுக்குச் சமானம். வாங்கி விரித்துப் பார்க்கும் தறிக்காரர் முதலில் கவனிப்பது நிறத்தை அன்று, அகலத்தை. மார்பிலிருந்து கணுக்கால் வரை மறைக்க வேண்டிய அந்தத் துணி நம் கைலியைவிட அகலமானது. அதற்கு அச்சை மாற்ற வேண்டும், பண்ணையை அகலப்படுத்த வேண்டும், பாவில் இழை கூட்ட வேண்டும். அல்லது அவர்களுடைய பழைய மாலோங்குகளில் லங்கிட் என்னும் பூவேலைப் பட்டைகளை வைத்து இரண்டு துண்டுகளை இணைக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு, இருக்கிற தறியிலேயே இரண்டு கைலி நெய்து, இணைக்கும் பட்டையை அங்குள்ள பெண்களே நெய்யும்படி விட்டுவிடலாம். இரண்டில் எது நல்லது என்பதைத் தாவாவோவுக்குக் கேட்டெழுதி, வந்த மறுமொழியை நோட்டில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பாவு ஓட வேண்டும்.